படத்தின் மூலையில் ஒரு ஜன்னல்

பிப்ரவரி 3

என் அருமை வாலுவுக்கு,

நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். நான் நன்றாக இருக்கிறேன். மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்கால் என்னைத் திட்டுகிறது. புது வீட்டுக்குக் குடிபோனதிலிருந்து உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வெளிச்சம் வருகிறதா, தண்ணீர் வருகிறதா, பக்கத்தில் பேச ஆள் இருக்கிறதா? மாப்பிள்ளைக்கு மாற்றல் வந்த அவசரத்தில் அக்காவை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டாயா?

விஷயத்துக்கு வருகிறேன். பழைய மர்மப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஷாட் ஷாட்டாக அலசி ஒரு புத்தகம் எழுதும்படி கல்லூரியில் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் படம் என்று நீ கேட்கவே வேண்டாம். நம்முடைய போட்டோக்காரன் படம்தான்! அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்துக்காக நாம் இரண்டு பேரும் அண்ணனிடம் என்னென்ன பொய் சொல்லியிருக்கிறோம்!

மாணவர்களுக்குச் சொல்வதைப் போல உனக்கும் ஒரு தடவை கதையைச் சொல்லிப் பார்க்கிறேன். ஊரில் ஒரு புதுக் கட்டடம் எழும்புகிறது. அது வளர்வதைத் தினமும் காலையில் ஒரே மொட்டைமாடியிலிருந்து, ஒரே கோணத்தில் படம் எடுக்க ஒரு போட்டோக்காரனை வேலைக்கு வைக்கிறார்கள். படத்தின் மூலையில் ஒரு பழைய வீட்டின் மாடி ஜன்னல் தற்செயலாக விழுகிறது. அதில் ஒரு பெண் நிற்பாள். ஒருநாள் அந்த ஜன்னல் மூடிவிடுகிறது. பிறகு திறப்பதே இல்லை. போட்டோக்காரன் தன் படங்களையெல்லாம் தரையில் வரிசையாகப் பரப்பி ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கிறான். திரைச்சீலை மாறியது, பூந்தொட்டி காணாமல் போனது என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் படுகிறது. போலீஸ் அவனை நம்பவில்லை. அவளுடைய சித்தப்பாவே அவளைக் கொன்று மறைத்ததை அவன் தனியாளாக நிரூபிக்கிறான். கடைசியில் ஊரே அவன் கையைக் குலுக்குகிறது.

பார்க்கத் தெரிந்த ஒருவனின் வெற்றி என்பதுதான் என் வாதம். நான் விட்டது எதுவும் உன் கண்ணுக்குத் தப்பாது. எடிட்டிங் அறையில் வருஷக்கணக்காகப் பழகிய கண் அல்லவா? கேசட் ஒன்று அனுப்புகிறேன். பார்த்துவிட்டு எழுது. உங்கள் வீட்டு போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுப்பதில்லையே, ஏன்?

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா

*

பிப்ரவரி 21

டீச்சரம்மா அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கு முதலில் என் விசாரிப்பு. இங்கே இருவரும் சுகம். போனைத் துண்டித்துவிட்டோம். வீண் செலவு, கடிதம்தான் நிதானமானது என்கிறார் அவர். கடிதங்களை அவரே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்துவிடுவதால் எனக்கு அலைச்சல் இல்லை. அதனால் என் கிறுக்கலைக்கூடக் கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன், பார்.

வீடு பெரியது. மாடியில் நாங்கள் இருக்கிறோம், கீழ்வீடு காலி. புதுக் குடியிருப்பு என்பதால் சுற்றிலும் பாதி கட்டிய வீடுகள், சாரக் கம்புகள், ஜல்லிக் குவியல்கள். எதிர்வீட்டில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். அவருடைய மிஷின் சத்தம்தான் எனக்குப் பகல் துணை.

அவர் வேலை உனக்குத் தெரியும். இன்சூரன்ஸ் சர்வேயர். தீப்பிடித்த கடை, மோதிய வண்டி என்று எங்கே சேதம் நடந்தாலும் போய்ப் படம் எடுத்து, எது நிஜம், எது நாடகம் என்று சொல்லிவிடுவார். எடுத்த உடனே படம் வெளியே வருகிற கேமரா ஒன்றை ஆபீசில் கொடுத்திருக்கிறார்கள். இப்போது வீட்டையும் எடுக்கிறார். காலையில் கிளம்பும் முன் கூடம், சமையலறை, படுக்கையறை எல்லாவற்றையும் ஒவ்வொரு படம். மாலையில் அந்தப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாகப் பார்ப்பார்.

"நாற்காலி ரெண்டு விரல் நகர்ந்திருக்கே?" என்பார்.

"பெருக்கினேன்" என்பேன்.

"ஜன்னல் கொக்கி?"

பெருக்கினால் கொக்கி எதற்கு நகரும்? சிரித்துவிட்டேன். வீட்டை இவ்வளவு கவனிக்கிற கணவர் எத்தனை பேருக்கு வாய்ப்பார், சொல்.

படத்தைப் பார்த்தேன். அவருக்கு சினிமா பார்க்கப் பொறுமை கிடையாது என்பதால் நான் மட்டும் பகலில் பார்த்தேன். நீ எழுதியது சரிதான். ஆனாலும் எனக்கு ஒரு குடைச்சல். அவன் என்ன பார்த்தான் என்றே எல்லோரும் எழுதுகிறீர்கள். அவள் என்ன பார்த்தாள்? அவன் படங்களைத் தரையில் பரப்புகிற இடத்தில் நிறுத்திப் பார். ஒவ்வொன்றிலும் அவள் நேராக கேமராவைத்தான் பார்க்கிறாள். தினமும் அந்த நேரத்துக்கு மொட்டைமாடியில் ஒருவன் வருவான் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்காகவே வந்து நிற்கிறாள். அவன் கட்டடத்தை எடுத்துவிட்டு இறங்கிப் போய்விடுகிறான். அவள் உயிரோடு இருந்தவரை அவன் அவளைப் பார்க்கவே இல்லை, அக்கா. ஜன்னல் மூடிய பிறகுதான் பார்க்கிறான்.

இது உன் புத்தகத்துக்குப் பயன்படுமா தெரியாது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வாலு

அக்காவுக்கு வணக்கம். இவள் கடிதத்தின் அடியிலேயே எழுதுகிறேன். கேசட் வந்து சேர்ந்தது. பார்சலில் நூல் இரண்டு இடத்தில் முடியப்பட்டிருந்தது. ஒரு முடிச்சு உங்களுடையது. மற்றது யாருடையது என்று யோசிக்கவும். வழியில் யாரேனும் பிரித்திருக்கலாம்.

*

மார்ச் 2

வாலு,

சுகம்தானே? இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. நானும் என் மின்விசிறியும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

மாப்பிள்ளை எழுதியதைப் படித்துச் சிரித்தேன். இரண்டாவது முடிச்சும் என்னுடையதுதான் என்று சொல். முதலில் போட்டது தளர்ந்துவிட்டது. முடிச்சைக்கூட விடாத மனிதர்! நம் படத்தின் கதாநாயகனே உனக்கு வாய்த்திருக்கிறார் போலிருக்கிறது. ஏப்ரல் நடுவில் கல்லூரியில் அந்தப் படத்தைத் திரையிட்டு நான் பேசப் போகிறேன். இருவரும் கட்டாயம் வாருங்கள். அவரை மேடையேற்றி, சேதத்தை எப்படிப் பார்ப்பது என்று பேச வைக்கலாம்.

நீ எழுதியதை வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். ஆனால் என்னால் முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்த நடிகைக்கு அது முதல் படம். கேமராவைப் பார்க்காதே என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். இயக்குநர் கவனிக்காமல் விட்ட பிழை அது. அதற்குப் போய் நீ அர்த்தம் கற்பிக்கிறாய். ஒருத்திக்கு உதவி வேண்டுமென்றால் கத்த மாட்டாளா? படத்தில் அவள் வாயைத் திறப்பதே இல்லையே! இதற்கு நீ என்ன சொல்கிறாய் என்று எழுது. சண்டை போடலாம்.

உனக்காக முதல் வரிசையில் ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறேன்.

உன் அக்கா

*

ஏப்ரல் 22

வாலு,

எப்படி இருக்கிறாய்? இது நான் பதில் வராமல் எழுதுகிற இரண்டாவது கடிதம். திரையிடல் முடிந்துவிட்டது. உன் நாற்காலியில் என் பையை வைத்து கடைசிவரை காத்திருந்தேன். கோபமா? பிழை என்று எழுதியதற்காகவா? சின்ன வயதில்கூட நீ இவ்வளவு நாள் உம்மென்று இருந்ததில்லை. ஒரு வரி போடு, போதும்.

அக்கா

*

மே 6

அக்காவுக்கு,

நான் நலம். அவர் நலம். உன் நலம் அறிய ஆசை.

வேலை அதிகம், அதனால் எழுதவில்லை. கோபம் எதுவும் இல்லை. நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். கடைசி போட்டோவுக்கு முந்தின போட்டோவில் அவள் வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருக்கிறது. கதவிடுக்கில் வைத்து நெரித்தால் அப்படித்தான் வீங்கும். ஜன்னலைத் திறந்ததற்கான தண்டனை அது. அவள் வீட்டுக் கதவுக்கு வெளிப்பக்கம்தான் பூட்டு. இதையெல்லாம் இதுவரை யாரும் எழுதியதில்லை. படத்தை நிறுத்தி நிதானமாகப் பார். உன் புத்தகத்துக்கு உதவும்.

அவள் கத்தாததற்குக் காரணம் உண்டு. கத்தினால் முதலில் ஓடி வருகிறவன் வீட்டிலேயே இருக்கிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வாலு

அக்காவுக்கு வணக்கம். கேசட்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். படம் பார்ப்பது அவள் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நூலில் ஒரே முடிச்சு.

*

மே 12

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடை போனில் இதைப் பேச முடியாது, சுற்றி ஆட்கள் இருப்பார்கள். அதனால் எழுதுகிறேன். தயவுசெய்து தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

வாலுவிடமிருந்து வந்த கடிதத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்தைப் பாருங்கள். எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. அது அவள் இடது கையால் எழுதியது.

அவள் சொன்ன இடத்தில் படத்தை நிறுத்திப் பார்த்தேன். கல்லூரியில் இருக்கும் நல்ல பிரதியிலும் போட்டுப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் கைகள் படத்தில் எங்குமே தெரிவதில்லை, அண்ணா. ஜன்னல் விளிம்பு மறைத்துவிடுகிறது. துணி கிடையாது, வீக்கம் கிடையாது. வெளிப்பக்கப் பூட்டும் கிடையாது. அவள் வீட்டுக் கதவையே காட்டுவதில்லை. ஒரு ஃபிரேம் கூடக் குறைய இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற நம் வாலு, இல்லாததை இருப்பதாக எழுதுவாளா? அவள் படத்தைப் பற்றி எழுதவில்லை. அவர் படித்துவிட்டுத்தான் கடிதத்தைத் தபாலில் போடுகிறார் என்பதால் அப்படி எழுதியிருக்கிறாள்.

பிப்ரவரியிலேயே சொன்னாள். நான் அதைப் பாடமாக நடத்திவிட்டு வந்தேன்.

நாம் இருவரும் உடனே போக வேண்டும். மாப்பிள்ளைக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது. எப்போது புறப்படலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை

*

மே 18

தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அண்ணியும் நானும் ஒரு நாள் முழுக்கப் பேசினோம். நீ சினிமாவிலேயே குடியிருந்து குடியிருந்து எதைப் பார்த்தாலும் மர்மமாகத் தெரிகிறது உனக்கு. கல்யாணம் கட்டாமல் இருந்துவிட்ட உனக்குப் புருஷன் பெண்டாட்டி விவகாரம் புரியாது என்று சொன்னால் கோபப்படுவாய். ஆனாலும் சொல்கிறேன். மாப்பிள்ளை குடிக்கிறாரா, ஊர் சுற்றுகிறாரா? நான் அலைந்து திரிந்து விசாரித்துக் கொடுத்த இடம் அது.

உன் மனசு ஆறட்டும் என்றுதான் அவர் ஆபீசுக்கு போன் போட்டுப் பேசினேன். மறைத்து என்ன பேசுவது? நீ எழுதியதை அப்படியே சொன்னேன். கை, பூட்டு, இடது கை எழுத்து எல்லாம். அவர் கோபமே படவில்லை. நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "அக்கா அக்கறையில எழுதியிருக்காங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். எவ்வளவு பெருந்தன்மை பார்.

இனிமேலாவது தூங்கு.

அண்ணன்

*

மே 22

மரியாதைக்குரிய அக்காவுக்கு வணக்கம். தங்கள் உடல்நலம் சீராக இருக்கும் என எண்ணுகிறேன்.

தங்கள் சகோதரர் தொலைபேசியில் தெரிவித்த விவரங்களைக் குறித்துக்கொண்டேன். அவளிடமும் விசாரித்தேன். அப்படி எழுதியதை ஒப்புக்கொண்டாள். இனி அப்படி எழுத மாட்டாள்.

தங்களுக்கு நிம்மதி ஏற்படும்பொருட்டு இன்று காலை எடுத்த புகைப்படம் ஒன்றை இணைத்துள்ளேன். பின்புறம் தேதி உள்ளது. என் தொழிலில் பேச்சை நாங்கள் ஏற்பதில்லை, படத்தை ஏற்போம்.

மாத முடிவில் வீடு மாறுகிறோம். புது முகவரியை உரிய நேரத்தில் தெரிவிப்பேன். அதுவரை கடிதம் அனுப்ப வேண்டாம். அனுப்பினால் திரும்பி வரும்.

தங்கள் தங்கையின் கணவன்

*

மே 28

அண்ணனுக்கு,

இந்தத் தடவை சுகம் விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை. மன்னிக்கவும். வாலு உயிரோடு இருக்கிறாள். என்னோடு இல்லை. எங்கே இருக்கிறாள் என்று நீங்கள் கேட்கக் கூடாது, நான் சொல்லவும் மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மாப்பிள்ளை அனுப்பிய போட்டோவில் அவள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் மேசைக்கு அடியில். பின்புறம் தேதி, அதற்குக் கீழே அவர் கையெழுத்தில் "நிலை: நல்லது" என்று இருந்தது. எரிந்த கடைக்கும் நசுங்கிய வண்டிக்கும் எழுதுவாரே, அதைப் போல. அதைப் பார்த்த பிறகு யாரையும் எதிர்பார்க்கத் தோன்றவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அவர் ஆபீசுக்குப் போன பிறகு போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டேன். தெருவில் மணல் லாரி நின்றது, பக்கத்து மனையில் கொத்தனார் வேலை நடந்தது. எல்லாம் சாதாரணமாக இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. மாடிப்படி ஏறினால் கதவில் பெரிய பூட்டு. வெளிப்பக்கம்.

தட்டினேன். கூப்பிட்டேன். உள்ளே யாரோ நடக்கும் சத்தம் கேட்டு, கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது.

"வாலு, நான்தான்டி."

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "போயிடுக்கா. நீ படியில நின்ன தடம்கூட அவருக்குத் தெரியும்."

"தெரியட்டும். சாவி எங்க?"

"அவர்கிட்ட. அக்கா, தயவுசெஞ்சு போயிடு. மத்தியானம் சாப்பிட வருவாரு. இப்பல்லாம் சொல்லாம வர்றாரு."

கீழே ஓடினேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மா வாசலுக்கு வந்திருந்தார். "வீட்ல ஆள் இருக்காங்கம்மா" என்றார். "ஜன்னல்ல நின்னு கை காட்டுவாங்க. நானும் பதிலுக்குச் சிரிச்சிட்டு மிஷின்ல உட்காந்துடுவேன். இப்ப கொஞ்ச நாளா ஜன்னலும் சாத்தியிருக்கு." சொல்லச் சொல்லவே அவர் முகம் மாறிவிட்டது. பிறகு நான் கேட்காமலே பக்கத்து மனைக்குப் போய் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

மேஸ்திரி கையில் கடப்பாரை இருந்தது, ஆனால் அவர் தயங்கினார். "அடுத்தவங்க வீட்டுப் பூட்டும்மா. நாளைக்கு என்னையத்தான் பிடிப்பாங்க."

"உள்ள இருக்கறது என் தங்கச்சி."

"நீங்க சொல்றீங்க. அவங்க சொல்லணும்." கதவில் வாயை வைத்துக் கேட்டார். "அம்மா, உடைக்கவா?"

அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. மேஸ்திரி என்னைப் பார்த்தார். தையல்காரம்மா தெருமுனையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாலு வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

"உடைங்க" என்றாள்.

கதவு திறந்ததும் அவளை எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவ்வளவு இளைத்திருந்தாள். வலது மணிக்கட்டில் புடவைக் கிழிசல் சுற்றியிருந்தது. கூடத்துச் சுவர் முழுக்க அந்த அறையின் படங்களே வரிசையாக ஒட்டியிருந்தன. நாள்தோறும் ஒன்று. ஒவ்வொன்றிலும் அதே நாற்காலி, அதே மேசை. சிலவற்றில் சிவப்பு மசியால் சின்ன வட்டம் போட்டிருந்தது. நகர்ந்த பொருள்கள். வட்டம் போட்ட நாட்களில் என்ன நடந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. ஒரு துணிகூட எடுக்க விடாமல் அவளை இழுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

பாதிப் படியில் இருக்கும்போது மாப்பிள்ளை கீழே வந்து நின்றார்.

கத்துவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் எங்களைத் தாண்டி மேலே போனார். உடைந்த பூட்டை ஒரு படம் எடுத்தார். தாழ்ப்பாளை ஒன்று. கதவை ஒன்று. கேமராவிலிருந்து வெளியே வந்த படங்களைக் காற்றில் ஆட்டி உலர்த்திக்கொண்டே இறங்கி வந்தார்.

"உள்ள போ" என்றார் அவளிடம். அவ்வளவு மெதுவாக.

அண்ணா, அவள் திரும்பினாள். கால் தானாகப் படியேறத் தொடங்கிவிட்டது. நான் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தேன். அது அடிபட்ட கை. அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து மனையில் வேலை செய்தவர்கள் எல்லோரும் சாந்துக் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். மேஸ்திரி படியில் குறுக்கே வந்து நின்றார். "வழிய விடுங்க சார். அந்தம்மா போகட்டும்" என்றார்.

மாப்பிள்ளை வழி விட்டார். விட்டுவிட்டு எங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் படம் எடுத்தார். மேஸ்திரியை, தையல்காரம்மாவை, கடைசியாக என்னை. "அத்தாட்சி வேணும் இல்லையா" என்றார். பஸ் ஏறுகிறவரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. வாலு மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மணிக்கட்டில் எலும்பு உடைந்து, கட்டுப் போடாமல் விட்டதால் கோணலாகக் கூடியிருக்கிறது என்றார் டாக்டர். போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம். நீங்கள் விசாரித்துக் கொடுத்த இடத்தைப் பற்றி இவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

உங்கள் தங்கை

*

ஜூன் 20

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரமாகியும் பதில் எழுத எனக்குக் கை வரவில்லை.

நேற்று அவர் கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். அண்ணியின் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு, "அவ எங்கன்னு சொன்னா ரெண்டு குடும்பத்துக்கும் நல்லது மாமா" என்றார். குரல் கொஞ்சம்கூட ஏறவில்லை. தெரியாது என்றேன். தங்கைகள் இரண்டு பேரும் என்னிடம் பேசுவதில்லை என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கை ஏன் நடுங்குகிறது என்று கேட்டார். வயதாகிவிட்டது என்றேன். போகும்போது கடைப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு போனார். அவர் தெரு திரும்பியதும் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். பட்டப்பகலில், என் சொந்தக் கடைக்குள்.

அவள் இந்தப் பயத்தோடு எத்தனை மாதம் இருந்திருக்கிறாள்.

அவர் அடுத்து உன்னிடம் வருவார். கல்லூரி வாட்ச்மேனிடம் சொல்லி வை. கேஸ் என்று வந்தால் நான் வருகிறேன். கடை போனில் நான் பேசியதை எந்தக் கோர்ட்டிலும் அப்படியே சொல்கிறேன்.

அண்ணன்

*

செப்டம்பர் 9

டீச்சரம்மாவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம் என்று எழுதலாமா என்று யோசித்துப் பார்த்தேன். பாதி நலம். மீதி நடந்து வந்துகொண்டிருக்கிறது.

நீ என்னை யாரிடம் கொண்டுவந்து சேர்த்தாயோ அந்த எடிட்டரம்மா என்னை வேலைக்கும் வைத்துக்கொண்டுவிட்டார். வலது கை முன்னைப்போல் மடங்குவதில்லை. ஆனாலும் பிலிம் ஒட்ட வருகிறது. போன வாரம் ஒரு காட்சியில் நான் சொன்ன இடத்தில் வெட்டினார்கள். அன்றைக்கு முழுக்கச் சிரித்த முகமாக இருந்தேன் என்று இங்கே எல்லோரும் கேலி செய்தார்கள்.

மறைக்காமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். முந்தாநாள் எங்கள் தெருவில் ஒருவன் கேமராவோடு நின்றான். புது ரோட்டைப் படம் எடுக்க வந்தவன் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த நேரம் எனக்கு அது தெரியாது. ஜன்னலில் பார்த்ததும் எடிட்டிங் மேசைக்கு அடியில் புகுந்துவிட்டேன். எடிட்டரம்மா என்னை வெளியே வா என்று கூப்பிடவில்லை. அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவரும் குனிந்து உள்ளே வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். "எனக்கும் இடுப்பு வலிதான், கொஞ்ச நேரம் இங்கயே இருப்போம்" என்றார். அவன் போகிறவரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம்.

என் கணவர் உன் வீட்டுக் கேட்டைப் படம் எடுத்து அனுப்பியதாக எழுதியிருந்தாய். பயப்படாதே என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அந்த உறையைக் கிழிக்காமல் தேதியோடு வைத்திரு. நம் கேஸை நடத்துகிற வக்கீலம்மா அதைக் கேட்டார். அடுத்த மாதம் எட்டாம் தேதி கோர்ட்டுக்கு வர வேண்டுமாம். கணவரும் வருவார். அவர் எதிரே நின்று நான் என் வாயால் சொல்ல வேண்டும். தினமும் குளிக்கும்போது சொல்லிப் பார்க்கிறேன். பாதியில் குரல் நின்றுவிடுகிறது. நேற்று கொஞ்சம் தூரம் போனது. அண்ணன் வருகிறேன் என்று எழுதியிருக்கிறார். வரட்டும். அவரிடம் என்ன பேசுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

புத்தகத்தில் போட்டோக்காரனின் வெற்றி என்று எழுதிய அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுவதாகச் சொன்னாய். கிழிக்காதே அக்கா. அதையும் வைத்துக்கொண்டு, ஏன் அப்படிப் பார்த்தாய் என்று பக்கத்தில் எழுது. உன்னை மாதிரிதான் எல்லோரும் பார்க்கிறார்கள்.

ஓர் உதவி வேண்டும். கோர்ட்டு தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகவே நீ இங்கே வந்துவிடு. வந்ததிலிருந்து நான் விளக்கை எரியவிட்டுத்தான் படுக்கிறேன். அணைத்துவிட்டுத் தூங்க முடிகிறதா என்று ஒருநாள் பார்க்க வேண்டும். நீ சுவிட்சுப் பக்கம் படுத்துக்கொள். நான் போடு என்று சொன்னால் உடனே போட்டுவிட வேண்டும். ஏன், என்ன என்று கேட்கக் கூடாது.

உன் வாலு